சொல் விளக்கம்: அணுகல், அணுகல்தன்மை

மாற்றுத்திறனாளிகளின் மருத்துவ உரிமை பற்றிய ஆவணங்களில் ‘ஆக்ஸஸ்’, ‘ஆக்ஸசிபிலிட்டி’ என்னும் இரு ஆங்கிலச் சொற்கள் ஓயாமல் வருகின்றன. தமிழில் இவற்றுக்கு அணுகல், அணுகல்தன்மை, அணுகல் வசதி, அணுகுநிலை, தடையற்ற சூழல் என்று பல பெயர்கள் வழங்குகின்றன. பெயர் பலவாக இருப்பதில் தீங்கில்லை. ஆனால் ஒவ்வொரு பெயரும் பொருளை வெவ்வேறு இடத்தில் நிறுத்துகிறது, சில பெயர்கள் வாசற்படியோடு நிறுத்திவிடுகின்றன. உடலிலோ புலனிலோ அறிவுத்திறனிலோ மனநலத்திலோ குறைபாடு உள்ள ஒருவர், மற்றவர்கள் பெறும் அதே மருத்துவத்தை, அதே தரத்தில், தம் மானத்துக்கு இழுக்கு நேராமல், கூடுமானவரை தாமாகவே சென்று பெற முடிகிற நிலை என்பதே இச்சொல்லின் முழுப்பொருள். இவ்வளவையும் தாங்கக்கூடிய தமிழ்ச்சொல் எது என்பதே இங்கே நாம் பார்க்க வேண்டியது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘அட்’ என்றால் நோக்கி, ‘கேதெரே’ என்றால் செல்லுதல். இரண்டும் சேர்ந்து ‘ஒன்றை நோக்கிச் செல்லுதல்’ என்னும் பொருள் பிறந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது இந்தச் சொல் முதலில் குறித்தது நோய் வந்து தாக்குவதை, குறிப்பாகக் காய்ச்சல் கண்டு மேலெழுவதை. பிரெஞ்சு மொழியில் காய்ச்சல் தாக்குதலை இன்றும் இதே சொல்லால் குறிக்கிறார்கள். நோய் மனிதனை நோக்கி வருவதைச் சொல்லப் பயன்பட்ட ஒரு சொல், பல நூற்றாண்டுகள் கழித்து, மனிதன் மருத்துவத்தை நோக்கிச் செல்ல முடிகிறதா என்று கேட்கும் சொல்லாகத் திரும்பியிருக்கிறது. நோய் யாரிடம் வருவதற்கும் சாய்தளம் கேட்பதில்லை என்பதை எண்ணும்போது, இந்தப் பொருள்மாற்றம் மனத்தை விட்டு அகலாமல் நிற்கிறது.

மருத்துவத் துறையில் இச்சொல்லுக்கு எல்லை வகுக்கும் முயற்சி 1981இல் பென்சான்ஸ்கி, தாமஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையால் வலுப்பெற்றது. சேவை இருக்கிறதா, அது இருக்கும் இடத்தை எட்ட முடிகிறதா, அது நடைபெறும் முறை நோயாளிக்குப் பொருந்துகிறதா, செலவு கட்டுப்படியாகிறதா, இரு தரப்பும் ஒருவரையொருவர் ஏற்கிறார்களா என ஐந்து கூறுகளாக அவர்கள் அதைப் பிரித்தார்கள். 2000ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு தன் 14ஆம் பொதுக் கருத்துரையில், உடல்நல உரிமையின் உறுப்பாக அணுகலை வைத்து, பாகுபாடின்மை, உடலளவில் எட்டுதல், பொருளளவில் எட்டுதல், தகவல் எட்டுதல் என்று அதற்கு நான்கு முகங்கள் காட்டியது. 2006 டிசம்பர் 13 அன்று நிறைவேறி 2008 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு அணுகல்தன்மையையும், 25ஆம் பிரிவு உடல்நலத்தையும் பேசுகின்றன. இவ்விரு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் நம் சொல்லின் சட்டப் பொருள் முழுமையாகத் தெரியும்.

இனித் தமிழுக்கு வருவோம். அணுகு என்னும் வினை, நெருக்கத்தைக் குறிக்கும் ‘அண்’ என்னும் அடியிலிருந்து கிளைத்தது. அண்மை, அண்டுதல், அணித்து, அணுக்கம் ஆகியவை அதன் உறவுச் சொற்கள். ஒருவருக்கு மிக நெருங்கிப் பணிசெய்பவரை அணுக்கத் தொண்டர் என்கிறோம். துகளைக் குறிக்கும் ‘அணு’வுக்கும் இதற்கும் உறவில்லை. திருக்குறளின் 691ஆம் குறள், ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்று அரசரைச் சேர்ந்திருப்போருக்கு அறிவுரை சொல்கிறது. குளிர்காய்பவர் நெருப்புக்கும் தமக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்க வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்கிறார். நெருங்குவதும் விலகுவதும் அவருடைய செயல். அணுகு என்னும் வினையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

இலக்கணமும் இதற்குத் துணைநிற்கிறது. ‘சேர்’ என்னும் வினைக்குச் சேர்ந்தார் என்னும் தன்வினையும் சேர்த்தார்கள் என்னும் பிறவினையும் உண்டு. அன்றாடப் பேச்சில் நோயாளியைப் பற்றி ‘மருத்துவமனையில் சேர்த்தார்கள்’ என்றே பெரும்பாலும் சொல்கிறோம். அணுகு அப்படியன்று. ‘அவரை மருத்துவரிடம் அணுகினார்கள்’ என்று தமிழில் சொல்ல வழியே இல்லை. அணுகுபவர் எழுவாயாகத்தான் நிற்க வேண்டும். சக்கர நாற்காலியோடு நால்வர் தூக்கிப் படியேற்றினால் அவர் கொண்டுசேர்க்கப்பட்டார் என்று சொல்லலாமே தவிர, மருத்துவமனையை அணுகினார் என்று சொல்ல இயலாது. மேலும் அணுகு என்பது செயப்படுபொருளை வேண்டும் வினை. எதை அணுகினார், யாரை அணுகினார் என்னும் கேள்விக்குக் ‘கட்டடத்தை’ என்று விடை சொன்னால் வாக்கியம் முடியலாம், ஆனால் நோயாளியின் தேவை முடிவதில்லை. மருத்துவரை, பரிசோதனையை, மருந்தை என்றெல்லாம் அந்த விடை நீள வேண்டும்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்னும் பழமொழி மருத்துவமனைகளில் எவ்வாறு நடந்தேறுகிறது என்பதைப் பரிசோதனைக் கட்டில் ஒன்றின் அருகில் நின்று பார்க்கலாம். வாசலில் சாய்தளம் சரியாக, பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம் என்னும் சரிவில் இருக்கிறது, கதவும் அகலமாக இருக்கிறது, மின்தூக்கியும் இயங்குகிறது. சக்கர நாற்காலியில் வந்தவர் மருத்துவரின் அறைக்குள் எவர் துணையுமின்றி வந்துவிட்டார். அங்கே உயரம் மாற்ற முடியாத கட்டில் ஒன்று, ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவருடைய நாற்காலியின் இருக்கையோ 48 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. இடையிலுள்ள ஒரு முழத்துக்கும் குறைவான அந்த உயரம், அதுவரை தாமாக வந்தவரைப் பிறர் தூக்கும் சுமையாக மாற்றுகிறது. தூக்க ஆளில்லை என்றால், நாற்காலியில் அமர்ந்தபடியே, ஆடைமேலேயே ஏதோ பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். வயிற்றை அழுத்திப் பார்ப்பதும், படுக்கைப்புண் இருக்கிறதா என்று முதுகைத் திருப்பிப் பார்ப்பதும், கருப்பை வாய்ப் பரிசோதனையும் நடக்காமலே போகின்றன. எடை பார்க்கும் கருவியில் நின்றுதான் எடை பார்க்க வேண்டும் என்பதால், ‘எவ்வளவு இருப்பீர்கள்?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். மயக்க மருந்து உட்படப் பல மருந்துகளின் அளவு உடல் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவப் பரிசோதனைக் கருவிகளுக்கான அணுகல் விதிகள் 2017இல் வெளியானபோது, கட்டில் எவ்வளவு தாழ வேண்டும் என்பதில் 17 முதல் 19 அங்குலம் வரை இடம் விடப்பட்டிருந்தது. 2024இல் அது 17 அங்குலம் என்று உறுதிசெய்யப்பட்டது. இரண்டு அங்குலத்துக்கு இத்தனை ஆண்டு விவாதம் நடந்தது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. தாமே நகர்ந்து கட்டிலில் அமர்பவருக்கு அந்த இரண்டு அங்குலமே அணுகல்.

‘தடையற்ற’ என்னும் அடைமொழியின் போதாமை இதனால் விளங்கும். தடையை நீக்கினால் போதும் என்பது படிக்கட்டுக்குப் பொருந்தும். காது கேளாதவருக்கு அது பொருந்தாது. காத்திருப்போர் கூடத்தில் அவர் முன் எந்தத் தடையும் இல்லை. செவிலியர் எண்ணை உரக்க அழைக்கிறார், அந்த எண் அவருடையது, அவர் கையிலுள்ள சீட்டைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். மூன்று முறை அழைத்தபின் அடுத்தவர் உள்ளே போகிறார். அங்கே நீக்க வேண்டியது எதுவுமில்லை, வைக்க வேண்டியவைதான் உள்ளன: எண் ஒளிரும் பலகையும் சைகைமொழி பெயர்ப்பாளரும். பார்வையற்றவருக்கு மருந்தட்டையில் தொட்டுணரும் எழுத்து வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே மருந்தின் பெயரை வெளி உறையில் பிரெயிலில் அச்சிட வேண்டும் என்று விதித்துவிட்டது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு, அறுவை சிகிச்சை என்றால் என்ன நடக்கும் என்பதை எளிய சொற்களிலும் படங்களிலும் விளக்கும் தாள் வேண்டும், அதைப் படித்துக்காட்ட நேரம் ஒதுக்கும் மருத்துவர் வேண்டும். துணைக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்து ‘இவருக்கு என்ன செய்கிறது?’ என்று கேட்காமல், நோயாளியிடமே கேட்டு அவருடைய இசைவைப் பெறுவதும் அணுகலில் அடங்கும். உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு இதைத் தனியே வலியுறுத்துகிறது.

நீலப் பின்னணியில் வெள்ளைச் சக்கர நாற்காலி வரைந்த சின்னத்துக்கும் சொல்லின் பொருளைக் குறுக்கியதில் சிறு பங்கு உண்டு. 1968இல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்னும் வடிவமைப்பு மாணவி அதன் முதல் வடிவத்தை வரைந்தார். அது பல நாடுகளில் வழியைத் திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அணுகல் என்றதும் சக்கரமும் சாய்தளமும் மட்டுமே கண்முன் வருவதற்கு அந்தச் சின்னத்தின் வெற்றியும் ஒரு காரணம்.

அணுகல் வசதி என்னும் தொடரைப் பற்றி எனக்கு வலுவான மறுப்பு உண்டு. வசதி என்பது வடமொழியில் தங்குமிடத்தைக் குறித்த சொல். தமிழில் அது சௌகரியம் என்றும், பின்னர்ச் செல்வம் என்றும் பொருள் விரித்துக்கொண்டது. வசதியானவர் என்றால் பணக்காரர். மருத்துவ வசதி என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த நிழல் உறுத்துவதில்லை. ஆனால் ‘மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்பு வசதி’ என்று எழுதியதும், எல்லோருக்கும் உரியது ஒன்று இருக்க அதற்கு மேல் இவர்களுக்குக் கூடுதலாக ஏதோ வழங்கப்படுவது போலவும், நிதி இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் தள்ளிப்போடலாம் என்பது போலவும் ஒலிக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள்வரை முன்னதாகவே இறக்கிறார்கள் என்றும் கூறுகிறது. அந்த இருபது ஆண்டுகளின் எதிரே வசதி என்னும் சொல்லை வைக்க மனம் ஒப்பவில்லை.

பக்கத்துச் சொல் ஒன்றையும் பிரித்தறிய வேண்டும். நியாயமான தகவமைப்பு என்பது, ஒரு குறிப்பிட்ட நபர் கேட்கும்போது அவருக்கென்று செய்யும் மாற்றம். ஒலியும் கூட்டமும் தாங்காத ஒருவருக்கு முதல் நேரத்தை ஒதுக்குவது அப்படிப்பட்டது. அணுகல்தன்மையோ எவரும் கேட்பதற்கு முன்பே, வரக்கூடிய எல்லோரையும் எண்ணி அமைத்துவைக்க வேண்டியது. உடன்படிக்கையின் குழு 2014இல் தந்த 2ஆம் பொதுக் கருத்துரை இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துள்ளது. இரண்டையும் ‘வசதி’ என்றே மொழிபெயர்த்தால், முன்கூட்டியே செய்திருக்க வேண்டியதை நோயாளி ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கேட்க வேண்டியதாகிவிடும்.

ஆகவே பெயர்ச்சொல்லாக வரும் இடத்தில் அணுகல் என்றும், கட்டடம், கருவி, தகவல் ஆகியவற்றின் பண்பைக் குறிக்கும் இடத்தில் அணுகல்தன்மை என்றும், சட்டப்பொருளில் அணுகுரிமை என்றும், அடையாக அணுகத்தக்க என்றும் எழுதுவது பொருந்தும். அணுகுமுறை வேறு பொருளில் வேரூன்றிவிட்டதால் அதை இங்கே தவிர்க்க வேண்டும். குருதி சுத்திகரிப்புக்காக இரத்தக் குழாயில் ஏற்படுத்தும் வழியையும் ஆங்கிலத்தில் ஆக்ஸஸ் என்றே சொல்வதால், மருத்துவ நூல்களை மொழிபெயர்ப்போர் அந்த இடத்தில் குருதிக்குழாய் வழி என்று எழுதினால் குழப்பம் நேராது. அறிவிப்புப் பலகைகளில் ‘அணுகல்தன்மையுடைய பரிசோதனை அறை’ என்று நீட்டத் தேவையில்லை. ‘அணுகத்தக்க பரிசோதனை அறை’ என்று எழுதி, அதன் கீழே கட்டில் எவ்வளவு தாழும், எடைக் கருவி சக்கர நாற்காலியை ஏற்குமா, சைகைமொழி அறிந்தவர் எந்த நேரத்தில் இருப்பார் என்னும் விவரங்களைத் தந்தால், வருபவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தம் பயணத்தைத் தாமே முடிவு செய்துகொள்ள முடியும்.