அழைப்பு யாருக்குப் போனது?

பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் கோப்பைத் தணிக்கை செய்துகொண்டிருந்தேன். மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் என எல்லாம் கச்சிதம். ஆனால் மூன்று கொட்டேஷனிலும் 'கால்வனைஸ்டு' என்ற சொல்லில் அதே எழுத்துப் பிழை! மூன்றையும் ஒரே கை தட்டச்சு செய்திருந்தது. அன்றிலிருந்து பில்லைத் தொடுவதற்கு முன், யார் யாரிடம் விலை கேட்டார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

பிரேசில் அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ் விவகாரம் இதே பிழையின் பிரம்மாண்ட வடிவம். 1953-ல் 'எண்ணெய் நமதே' என்ற முழக்கத்தோடு பிறந்த நிறுவனம் அது. தனியாரோடு போட்டி போட வேகம் வேண்டும் என்று, 1998-ல் ஓர் அரசாணை அதற்கு எளிமையான கொள்முதல் முறையை அனுமதித்தது. பொது டெண்டர் தேவையில்லை, தேர்ந்தெடுத்த சிலருக்கு அழைப்பு அனுப்பினால் போதும். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த அழைப்பை முடிவு செய்யும் இயக்குநர் நாற்காலிகளைக் கூட்டணிக் கட்சிகள் பங்கு போட்டுக்கொண்டன. கட்டுமான நிறுவனங்கள் எந்த ஒப்பந்தம் யாருக்கு என்று தங்களுக்குள் பேசி முறை வைத்துக்கொண்டன. மதிப்பீட்டைவிட 20 சதவீதம் வரை கூடுதல் விலையை பெட்ரோப்ராஸ் ஏற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இயக்குநர்களுக்கும் கட்சிகளுக்கும் போன கமிஷன் 1 முதல் 3 சதவீதம்.

2014 மார்ச்சில் 'கார் வாஷ்' என்ற பெயரில் ஊழல் விசாரணை தொடங்கியது. ஹவாலாக்காரர் ஒருவர் முன்னாள் இயக்குநர் பாலோ ராபர்ட்டோ கோஸ்டாவுக்கு வாங்கித் தந்த சொகுசுக் கார்தான் நூலின் முனை. அதே ஆண்டு நவம்பரில் வெளித் தணிக்கையாளர் காலாண்டுக் கணக்கில் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

லஞ்சத்துக்கு வவுச்சர் கிடையாது. அது சுத்திகரிப்பு ஆலையின் விலைக்குள்ளேயே கரைந்து, புத்தகத்தில் 'சொத்து' என்று உட்கார்ந்திருந்தது. எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில் 2004 முதல் 2012 வரையிலான சந்தேக ஒப்பந்தங்களுக்கு ஒட்டுமொத்தமாக 3 சதவீதம் போட்டு, 2015 ஏப்ரலில் 620 கோடி பிரேசில் ரியாலைத் தள்ளுபடி செய்தார்கள். தணிக்கைக்காரனுக்கு இதைவிட அவமானமான கணக்கு வேறு இல்லை.

அதிபர்கள் விஷயத்தில் கட்சி பார்த்துத்தான் பலரும் பேசுகிறார்கள். பின்னாளில் அதிபரான தில்மா ரூசெஃப் பெட்ரோப்ராஸ் இயக்குநர் குழுத் தலைவராக இருந்தபோது, 2006-ல் அமெரிக்காவின் பசடீனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பாதிப் பங்கை வாங்க ஒப்புதல் தரப்பட்டது. தனக்குக் கொடுத்த சுருக்கக் குறிப்பில் முக்கிய நிபந்தனைகள் விடுபட்டிருந்தன என்று பின்னர் சொன்னார். முழு ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கியிருக்கலாமே! 2016-ல் அவர் பதவி போனது இதற்காக அல்ல, பட்ஜெட் கணக்கு விதிமீறலுக்காக. அவருக்கு முன் அதிபராக இருந்த லூலா, ஊழல் வழக்கில் 580 நாள் சிறையில் இருந்தார். 2021-ல் தண்டனைகள் ரத்தாகின, தீர்ப்பளித்த நீதிபதி செர்ஜியோ மோரோ பாரபட்சமாக நடந்தார் என்றது உச்ச நீதிமன்றம். அதற்குள் மோரோ, லூலாவின் அரசியல் எதிரியான அதிபர் போல்சனாரோவின் அரசில் அமைச்சராகவும் இருந்துவிட்டார்.

2016-ல் ஒரு சட்டம் வந்தது. கடந்த 36 மாதங்களில் கட்சியின் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்தவரை அரசு நிறுவன நிர்வாகத்தில் நியமிக்கக் கூடாது. 2023-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் அந்தத் தடையை நிறுத்திவைத்தார். 2024-ல் முழு அமர்வு சட்டம் செல்லும் என்றது. இடையில் நியமனம் பெற்றவர்கள் மட்டும் அப்படியே தொடரலாமாம்.