ஸ்போர்ட்ஸ் கார் ஏன் சத்தத்த கொறைக்குது, நம்ம பசங்க ஏன் கூட்டுறாங்க

கும்பகோணத்துல ஒர்க்‌ஷாப் வச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, கூடவே புகை டெஸ்ட் சென்டரும் நடத்துறேன். ரெண்டு வேலையும் ஒரே எடத்துல பாக்குறதால வண்டிக்கு அடியில என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு கையில தெரியும், அது வெளிய என்ன விடுதுன்னு மெஷின்ல தெரியும். போன பங்குனியில வந்த ஒரு கார பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன், இப்ப தான் நேரம் கெடச்சுது.

திருவிடைமருதூர் பக்கத்து தம்பி, வெளிநாட்டுல நாலு வருஷம் வேலை பாத்துட்டு வந்து சென்னையில ஒரு ஜெர்மன் டர்போ (காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள திணிக்கிற விசிறி) பெட்ரோல் கார செகண்ட் ஹேண்ட்ல வாங்கிருக்கான். வண்டி தெரு முனையில திரும்பும்போதே கடைக்குள்ள இருந்த எனக்கு கேட்டுச்சு. "அண்ணே புகை டெஸ்ட் எடுக்கணும்ணே, எல்லாம் பக்காவா இருக்கு, ஸ்டேஜ் 2 பண்ணின வண்டி"ன்னான். ஸ்டேஜ் 2ன்னா பவர் ஏத்த இன்ஜின் கம்ப்யூட்டர் மேப்பையும் எக்ஸாஸ்ட் (புகை) பைப்பையும் மாத்தினது. டெஸ்ட் மெஷின் குழாய புகை பைப்புல செருகி ஐடில்ல (ஆக்சிலேட்டர மிதிக்காம ஓட விட்டு) வச்சு பாத்தா கார்பன் மோனாக்சைடு 0.74 சதவீதம், ஹைட்ரோகார்பன் 380 பிபிஎம் (பத்து லட்சத்துல 380 பங்கு). பிஎஸ்4, பிஎஸ்6னு சொல்ற நம்ம நாட்டு புகை விதிப்படி வந்த பெட்ரோல் காருக்கு ஐடில்ல வரம்பு 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும் தான். ரெண்டு தடவ திரும்ப எடுத்தேன், இன்ஜின் நல்லா சூடான பெறகும் எடுத்தேன், அதே தான்.

லிஃப்ட்ல தூக்கிட்டு கேட்கான, அதாவது புகையில இருக்குற வெஷத்த மாத்துற கேட்டலிடிக் கன்வெர்ட்டர, ஸ்பேனரால ஒரு தட்டு தட்டினேன். நல்ல கேட்கான்னா உள்ள பீங்கான் தேன்கூடு மாதிரி அடச்சு இருக்கும், தட்டினா 'டொக்'குன்னு அடங்கிப் போகும். இது வெறும் பித்தளைக் குடத்த தட்டின மாதிரி கணீர்னுச்சு. சுத்தி வந்து பாத்தா மேல்பக்கம், கீழ இருந்து பாத்தா கண்ணுக்குப் படாத எடத்துல, கட் பண்ணி உள்ள இருந்தத கொட்டிட்டு திரும்ப வெல்டு வச்சிருக்கு. கேட்கான் வேலை செய்யுதான்னு பாக்குற பின்னாடி சென்சருக்கு ஒரு ஸ்பேசர் போட்டு தள்ளி வச்சிருக்கு, செக் இன்ஜின் லைட் எரியக்கூடாதுன்னு. வெப்பத் தகடும் இல்ல, சத்தமா ஆடுதுன்னு யாரோ கழட்டி போட்டுட்டாங்க. அந்த தகடு இருந்திருக்க வேண்டிய எடத்துல ஒரு பிடி உளுந்துச் செடி சுத்திக்கிட்டு பாதி கருகிக் கெடந்துச்சு. எனக்கு அதப் பாத்ததும் வயித்த கலக்கிருச்சு.

ஏன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம். சம்பா அறுத்துட்டு வயல்ல தெளிச்ச உளுந்தும் பயறும் பங்குனியில வீட்டுக்கு வரும், கிராமத்து ரோட்ல செடிய பரப்பி விட்ருவாங்க, போற வர்ற வண்டி ஏறியே மணி உதிரும். வைக்கோலும் அப்படித்தான் கெடக்கும். ரோட்ல போடலாமா கூடாதாங்குறது தனி சண்டை, அதுக்கு இப்ப போகல. எக்ஸாஸ்ட் லைன் ஓடும்போது 400 டிகிரிக்கு மேல இருக்கும், அழுத்தி ஓட்டினா 800 வரைக்கும் போகும், தரையோட ஒட்டி போற கார்ல தகடும் இல்லாம, அதுல போதாதுக்கு ஆக்சிலேட்டர விட்டதும் பட்டாசு மாதிரி வெடிக்கணும்னு ரீமேப் பண்ணி, எரியாத பெட்ரோல பைப்புக்குள்ளயே கொளுத்துற வண்டி இது. காஞ்ச செடி சுத்திக்கிட்டா என்ன ஆகும்? அந்த தம்பி பொழச்சது அதிர்ஷ்டம், நான் அவன்கிட்டயும் அப்படியே சொன்னேன்.

அவன் கேட்டது தான் இந்த கட்டுரைக்கு காரணம். "அண்ணே, ஒரிஜினல் ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் சத்தமா தானே வருது, நான் பண்ணினா மட்டும் தப்பா?"

இல்ல தம்பி, ஒரிஜினல் ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் வேற பக்கம் போய் ரொம்ப நாளாச்சு. நிஸான் ஜிடி-ஆர் தெரியாத பசங்க இல்ல. அந்த கார 2022ல ஐரோப்பாவுல விக்கிறத நிறுத்துனாங்க, காரணம் சத்த விதி தான். அங்க ஒரு கார் கோட்டத் தாண்டுனதும் முழுசா அழுத்தணும், மைக்க கடக்குறப்ப வேகம் 50 கிலோமீட்டர் இருக்கணும், நடுக்கோட்டுல இருந்து ஏழரை மீட்டர் தள்ளி அந்த மைக்க வச்சு அளப்பாங்க. எடைக்கு பவர் ரொம்ப அதிகமா இருக்குற, தாழ்வான சீட் வச்ச ஸ்போர்ட்ஸ் காருக்கு 2016ல 75 டெசிபல் வரம்பு, அப்பறம் 74, இப்ப 72. புது மாடலுக்கு 2024 ஜூலையிலயே வந்துருச்சு, விக்கிற எல்லா புது காருக்கும் 2026 ஜூலை. மூணு டெசிபல் தானேன்னு தோணும், ஆனா டெசிபல் கணக்குல மூணு கொறஞ்சா ஒலியோட சக்தி பாதியா கொறஞ்சுருச்சுன்னு அர்த்தம். அந்த அளவுல அகலமான டயர் ரோட்ட தேய்க்குற சத்தமே பெரிய பங்கு ஆயிடும், சைலன்சர மட்டும் பெருசு பண்ணி தப்பிக்க முடியாது. டெஸ்ட்ல மட்டும் அமைதியா இருந்துட்டு ரோட்ல எக்ஸாஸ்ட் வால்வ தொறந்து கத்துற வேலையையும் புடிக்கிறாங்க, டெஸ்ட் வேகத்துக்கு வெளிய மத்த கியர்லயும் வேகத்துலயும் சத்தம் ஏறுற விதத்துக்கு தனி வரம்பு இருக்கு.

சத்தத்த கொறச்சதுல ஒரு பங்கு வேலைய புகை விதியே பண்ணிருச்சுங்குறது நெறைய பேருக்கு தெரியாது. நேரடியா சிலிண்டருக்குள்ள பெட்ரோல பீச்சுற இன்ஜின்ல நுண்ணிய கரித்தூள் வரும், அதப் புடிக்க 2018 வாக்குல இருந்து ஐரோப்பிய கார்ல எக்ஸாஸ்ட்ல ஒரு ஃபில்டர் வச்சாங்க. பீங்கான் குழல், ஒரு ஓட்டை முன்னாடி அடச்சிருக்கும், பக்கத்து ஓட்டை பின்னாடி அடச்சிருக்கும், காத்து சுவர துளைச்சுதான் வெளிய போகணும், கரி சுவர்லயே தங்கிரும். புகைய வடிகட்டுறது சத்தத்தையும் வடிகட்டும், அதான் அதே இன்ஜின் பழைய மாடல்ல கர்ஜிச்சதும் புதுசுல கம்முனு ஆனதும். தொண்டை அடச்ச மாதிரி இருக்குன்னு ரசிகர்கள் பொலம்புறாங்க, நானும் அந்த பழைய சத்தத்த ரசிச்சவன் தான், அதுக்காக கரித்தூள மூச்சுல இழுக்க சொல்ல முடியாது.

அப்ப பவர் போச்சா? இங்க தான் இன்ஜினியருங்க வேலைய பாக்கணும். டர்போ இன்ஜின அழுத்தி ஓட்டும்போது சூட்ட தணிக்க தேவைக்கு மேல பெட்ரோல ஊத்துவாங்க, தண்ணி தெளிச்சு கொதிப்ப அடக்குற மாதிரி. அந்த உபரி பெட்ரோல் முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடா வெளிய வரும், கேட்கானாலயும் சமாளிக்க முடியாது. 2024ல வந்த போர்ஷே 911 ஜிடிஎஸ்ல அந்த உபரியே இல்ல, எந்த அழுத்தத்துலயும் காத்தும் பெட்ரோலும் சரியான விகிதத்துல, அதாவது லாம்டா 1ல ஓடுது. அதுக்கு விலையா இன்ஜின 3.0 லிட்டர்ல இருந்து 3.6 லிட்டரா பெருசு பண்ணாங்க, டர்போவுக்குள்ள ஒரு மின் மோட்டார வச்சாங்க, சின்னதா ஒரு பேட்டரியும் வச்சாங்க. மொத்தம் 541 பிஎஸ், இந்த பிஎஸ் குதிரைத்திறன் கணக்கு, புகை விதி பிஎஸ் இல்ல. முந்தின ஜிடிஎஸ்ஸ விட கிட்டத்தட்ட 50 கிலோ எடை தான் கூட. எனக்கு அந்த வேலை மேல பெரிய மரியாதை.

எல்லாரும் அப்படி பண்ணல. மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63ல இருந்த 4 லிட்டர் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின எடுத்துட்டு 2 லிட்டர் நாலு சிலிண்டரும் மோட்டாரும் வச்சாங்க, பேப்பர்ல 680 பிஎஸ், ஆனா எடை 2,100 கிலோவ தாண்டிருச்சு, வாங்குறவங்க மனசு ஒட்டல. லம்போர்கினி ஹுராக்கானோட வி10 போயி டெமராரியோல 4 லிட்டர் ட்வின் டர்போ வி8 கூட மோட்டாரும் வந்துருச்சு, அது நிமிஷத்துக்கு 10,000 சுத்து (ஆர்பிஎம்) வரைக்கும் ஏறுது. ஃபெராரி 296ல வி6. அதே ஃபெராரி 2024ல டர்போ இல்லாத வி12 காரையும் விட்டாங்க. இனி 2026 நவம்பர்ல இருந்து ஐரோப்பாவுல புது மாடலுக்கு யூரோ 7ங்குற அடுத்த புகை விதி வருது, அதுல முதல் தடவையா பிரேக் தூசிக்கே வரம்பு, பெட்ரோல் காருக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சார காருக்கு 3. அதாவது சைலன்சர் இல்லாத காரும் தப்பிக்க முடியாது.

நம்ம நாட்டுலயும் இதே கதை தான். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் 1996ல நின்னதுக்கு அந்த டூ ஸ்ட்ரோக் புகை தான் காரணம், மன்னார்குடி மாயவரம் பக்கம் இன்னும் அத தங்கம் மாதிரி வச்சிருக்குறவங்க இருக்காங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ்4ல இருந்து நேரா பிஎஸ்6க்கு தாவினோம், பெட்ரோல்ல கந்தகம் 50 பிபிஎம்ல இருந்து 10 ஆச்சு. மாருதி டீசல் கார் செய்யுறத நிறுத்துச்சு, என்ஃபீல்டு 500 பைக் நின்னுச்சு. 2023 ஏப்ரல்ல இருந்து லேப்ல மட்டும் இல்லாம நெஜ ரோட்லயும் ஓட்டி அளக்குறாங்க. சுசுகி ஹயபூசா பைக் புது விதிக்கு மாறினப்ப 197 பிஎஸ்ல இருந்து 190க்கு எறங்குச்சு, ஆனா நடு ஆர்பிஎம்ல இழுவை கூடுச்சு, ஓட்டுறவங்களுக்கு அதுதானே வேணும்.

பசங்க சொல்ற அடுத்த நியாயம் ரேஸ். 2025 ஜனவரியில அஜித் சார் டீம் துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவங்க பிரிவுல மூணாவது வந்தப்ப எங்க கடைப் பசங்களும் தூங்கல, நானும் தூங்கல. ஆனா அந்த கார் ரேஸ் டிராக்குக்கு மட்டும் கட்டினது. டிராக்குக்கே கூட வரம்பு உண்டு, அமெரிக்காவுல லகுனா செகாங்குற பேர் பெற்ற டிராக்ல பல நாட்கள்ல 90 டெசிபல தாண்டினா வண்டிய வெளிய எடுத்துருவாங்க.

கேட்கான கழட்டுனா பவர் ஏறுமான்னு கேட்டா உண்மைய சொல்றேன், பெரிய டர்போ இன்ஜின்ல சரியா ரீமேப் பண்ணா கொஞ்சம் ஏறும். நம்ம ஊர்ல ஓடுற 1.2 லிட்டர் காருல ஏறாது, கீழ் ஆர்பிஎம்ல இழுவை போயிரும், சத்தம் ஏறுனதால வேகமும் ஏறுன மாதிரி காது ஏமாத்தும். ரெண்டு வண்டியிலயும் கேட்கானுக்குள்ள இருக்குற பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் தடுத்துட்டு இருந்த வெஷம் முழுசா தெருவுல எறங்கும்.

தெருன்னா எப்படிப்பட்ட தெரு? சன்னதித் தெருவுல திண்ணைக்கும் திண்ணைக்கும் நடுவுல ஒரு காரும் ஒரு சைக்கிளும் போனா எடம் முடிஞ்சுச்சு, ரெண்டு பக்கமும் சுவர், சத்தம் எங்கயும் போகாம முட்டி முட்டி திரும்பும். குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணிக்கு மேல 45ன்னு 2000ம் வருஷ விதியே இருக்கு, ஆஸ்பத்திரி பள்ளிக்கூடத்த சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். எங்க அம்மா நெஞ்சுவலியோட ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வெளிய ஒருத்தன் பைக்க முறுக்கின சத்தத்துக்கு அவங்க கை என் கைய இறுக்கிப் புடிச்சது எனக்கு இன்னும் மறக்கல. தஞ்சாவூர் மன்னார்குடி ரோட்ல வடுவூர் ஏரி ரோட்ட ஒட்டியே இருக்கு, வெளிநாட்டுப் பறவை வந்து தங்குற எடம், ரோடு நல்லா இருக்குன்னு அங்க தான் விட்டுப் பாக்குறாங்க.

சட்டத்த சுருக்கமா சொல்லிடுறேன். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்தத மாத்தக் கூடாது. மாத்தினா ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, இல்ல ரெண்டுமோ. 190வது பிரிவுல சத்தம், புகைக்கு 10,000 வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு, லைசென்ஸும் மூணு மாசம் போகும். வண்டிய கொண்டு வராம போட்டோ மட்டும் அனுப்பி சர்டிஃபிகேட் கேக்குறவங்க என்கிட்ட வராதீங்க, குடுக்க மாட்டேன்.

செகண்ட் ஹேண்ட்ல பவர் வண்டி வாங்குறவங்க இத மட்டும் பண்ணுங்க. காலையில வண்டி ஆறிக் கெடக்குறப்ப நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க, முன்கூட்டியே சூடாக்கி வச்சிருந்தா வேற நாள் வாங்க. ஸ்கேனர் போடும்போது எரர் கோடு இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, வண்டி தன்னையே சோதிச்சு முடிச்சுதான்னு காட்டுற ரெடினஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல கேட்டலிஸ்ட் 'நாட் ரெடி'ன்னு காட்டினா யாரோ நேத்துதான் எரர் கோட அழிச்சிருக்கான்னு சந்தேகப்படுங்க. லிஃப்ட்ல தூக்கி தட்டிப் பாருங்க, வெல்டு கோட்ட மேல்பக்கம் கண்ணாடி வச்சு தேடுங்க, பின் சென்சர் நீட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. ஒரிஜினல் கேட்கான் விலை இந்த மாதிரி கார்ல லட்சத்த தாண்டும், அத பேரம் பேசும்போது கழிச்சே ஆகணும்.

அந்த தம்பி ரெண்டு வாரம் யோசிச்சான். கேட்கான் ஆர்டர் போட்டு வர இருபது நாள் ஆச்சு, தகடும் போட்டோம், ஸ்பேசர கழட்டினோம், மேப்ப கம்பெனி மேப்புக்கே மாத்தினோம். ஐடில்ல கார்பன் மோனாக்சைடு 0.03, ஹைட்ரோகார்பன் 24. ஐடில தாண்டி 2,500 ஆர்பிஎம்ல வச்சு பாத்தப்ப லாம்டா 1.00. அவங்க அப்பா கூட வந்திருந்தாரு, நாலு மா நெலத்துல உளுந்து போட்டவரு, வண்டிக்கு அடியில இருந்து எடுத்து வச்சிருந்த அந்த கருகின செடிய நான் அவர் கையில குடுத்தேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பி பாத்தாரு. அப்பறம் பையன்கிட்ட, "ரோட்ல உளுந்து கெடக்குற வரைக்கும் நீ ஆத்தங்கரை வழியா சுத்தியே வா"ன்னாரு.