தணிக்கையின் கத்தரி படாத காட்சிகள்

ஹட்டன் பகுதிப் பாடசாலைகளில் உளவளத்துணை வழங்கும் எனக்குப் பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி வரும் முறைப்பாடு, "சென்சார் என்று ஒன்று இருந்தும் இப்படியெல்லாம் படம் எடுக்க விடுகிறார்களே" என்பதாகும். முத்தக் காட்சியும் அரைகுறை உடையுமே அவர்கள் மனத்தில் இருப்பவை. பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் பிரச்சினைகளோ பெரும்பாலும் வேறு வகைக் காட்சிகளின் சாயலில் இருக்கின்றன.

தணிக்கை எக்காலத்திலும் மாறாத ஓர் ஒழுக்க அளவுகோலைக் கொண்டு இயங்கியதில்லை. அதிகாரத்தில் இருந்தோர் எதற்கு அஞ்சினார்களோ அதையே வெட்டியது. இந்தியாவில் 1918 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1920 இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைச் சபைகள் அமைந்தபோது, பிரித்தானிய அதிகாரிகளைப் பெரிதும் உறுத்தியது அரசியலே. கே. சுப்பிரமணியத்தின் 'தியாகபூமி' (1939) தடைசெய்யப்பட்டது அதன் தேசிய உணர்வுக்காகவே அன்றி ஆபாசத்துக்காக அல்ல. அமெரிக்காவில் 1934 முதல் கண்டிப்புடன் அமுலான, ஹாலிவுட் படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என வகுத்த ஹேஸ் விதிகள், வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைத் திரையில் காட்டவே கூடாது என்றன. அதை ஒழுக்கம் என்று சொல்ல இன்று நமக்கு நாக்கூசும். 1968 இல் அவ்விதிகள் கைவிடப்பட்டு, வயதுக்கேற்பத் தரம் பிரிக்கும் முறை வந்தது. இந்தியாவும் 2023 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 7, 13, 16 என்று வயதுப் படிகளைச் சேர்த்துக்கொண்டது.

நம் இலங்கையில் பொது அரங்கக் காட்சிகளுக்கான கட்டளைச் சட்டம் 1912 இலேயே வந்துவிட்டது. இங்கும் அச்சத்தின் முகம் காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது. போரில் இறந்ததாக அறிவிக்கப்பட்ட மகனின் மரணத்தை நம்ப மறுக்கும் பார்வையற்ற தந்தையைப் பற்றிய, பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' என்ற சிங்களப் படம் 2000 இல் தடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பினாலேயே திரைக்கு வர முடிந்தது.

படங்களுக்கான வயதுத் தரச் சான்றிதழ் என்பது திரையரங்கு வாசலில் ஒருவர் நின்று சிறுவர்களைத் திருப்பி அனுப்புவார் என்ற நம்பிக்கையில் உருவானது. தாத்தாவும் பேரப்பிள்ளையும் ஒரே தொலைக்காட்சியின் முன் அமரும், தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டிலும், டெலிகிராமில் முழுப்படமும் இறங்கிவிடும் கைப்பேசியிலும் அந்த வாசல் இல்லை.

இருக்கும் தணிக்கையும் எதைக் கவனிக்கிறது? 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டத்துக்குப் பின் நம் தொலைக்காட்சிகளில் கதாநாயகன் கையிலுள்ள சிகரெட் மங்கலாக்கப்படுகிறது. அதே கையால் அவன் காதலியைக் கன்னத்தில் அறைவது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. "பழைய படங்கள் சுத்தமானவை" என்போரும் ஒன்றை யோசிக்க வேண்டும். கணவன் மனைவியை அறைந்ததும் அவள் திருந்திக் குடும்பம் ஒன்றுசேரும் கதைகள், எல்லோரும் பார்க்கத் தகுந்தவை என்ற சான்றிதழுடன்தான் வந்தன.

வேண்டாம் என்று சொன்ன மாணவியைப் பஸ் நிறுத்தம் வரை தினமும் பின்தொடரும் பையனிடம் ஏனென்று கேட்டால், "படத்துல எல்லாம் கடைசியில சரின்னுதானே மிஸ் சொல்லுவாங்க" என்ற பொருளில்தான் பெரும்பாலும் பதில் வருகிறது. அவன் குறும்புக்காகச் சொல்வதில்லை, உண்மையாகவே நம்புகிறான் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. அந்த மாணவியோ பாடசாலைக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறாள். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சி வாய்திறப்பதில்லை.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: முத்தக் காட்சி வந்ததும் ரிமோட்டைத் தேடுகிற நீங்கள், பின்தொடரும் காட்சி வரும்போது "அந்தப் பிள்ளைக்குப் பயமாக இருக்காதா?" என்று மகனிடமும் மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். மகள் முறையிட்டால் அவளை வீட்டில் நிறுத்தாமல் வகுப்பாசிரியரிடமோ உளவளத்துணை ஆசிரியரிடமோ பேசுங்கள். சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றமாகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.