புது ஆசிரியரின் பழைய பாடம்

முதல் நாள் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியரைப் 'புதியவர்' என்கிறோம். அவர் அவ்வளவு புதியவர் அல்லர். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒருவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று 1975இல் கணக்குச் சொன்னார் சமூகவியலாளர் டான் லார்ட்டி. வேறெந்தத் தொழிலுக்கும் இத்தனை நீண்ட முன்னோட்டம் கிடையாது.

ஆனால் அது மாணவர் இருக்கையிலிருந்து பார்த்த காட்சி. ஆசிரியர் செய்தது தெரிந்தது, ஏன் செய்தார் என்பது தெரியவில்லை. திக்கித் திக்கிப் படித்த பையன் கடைசி வரிசைக்குப் போனது மனதில் நிற்கும். காது கேளாத பிள்ளை அந்த வகுப்பில் இல்லவே இல்லை என்றால், அதுவும் ஒரு பாடம்தான்: 'அவர்களுக்கான இடம் வேறெங்கோ இருக்கிறது.' யாரும் சொல்லித்தராமல் படிந்த நம்பிக்கை என்பதால், எதிர்வாதம் செய்து அதை அகற்றுவது கடினம்.

மாற்றுத்திறன் கொண்டவர்கள் உட்பட எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளி என்ற கொள்கையை 1994இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் நடந்த மாநாட்டில் 92 நாடுகளின் அரசுகள் ஏற்றன. பயிற்சிக் கல்லூரியில் அதைக் கேட்டுத் தலையாட்டுவது எளிது. 'என் வகுப்பில் என்னால் முடியுமா?' என்பதுதான் இடறும் இடம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை ஆசிரியர்கள் எளிதாக ஏற்கிறார்கள். நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளையிடம் தயங்குகிறார்கள். புது ஆசிரியரின் பெரிய பயமே வகுப்பு கைமீறிப்போவதுதானே!

பயிற்சிகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கச் சொல்வதுண்டு. நோக்கம் நல்லது, விளைவு அப்படியில்லை. கிடைப்பது பார்வை இழந்த முதல் சில நிமிடங்களின் தடுமாற்றம், பல்லாண்டு பழகியவரின் லாவகம் அல்ல. அப்படி நடந்து பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிடப் பார்வையற்றோரின் திறனைக் குறைத்தே மதிப்பிட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பிறகு எதுதான் மாற்றும்? தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, தானே செய்து வென்ற அனுபவம் என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. நம்பிக்கை மாறினால் கற்பிக்கும் முறை மாறும் என்ற வழக்கமான வரிசையையே கல்வியாளர் தாமஸ் கஸ்கி 1986இல் திருப்பிப் போட்டார்: முதலில் கற்பிக்கும் முறை மாறுகிறது, அடுத்துப் பிள்ளை கற்பது கண்ணுக்குத் தெரிகிறது, நம்பிக்கை கடைசியில்தான் வருகிறது. எழுதத் திணறும் சிறுமியிடம் விடையை வாயால் சொல்லச் சொல்கிறார் ஆசிரியர். அவள் சரியாகச் சொல்லிவிடுகிறாள். எந்த விரிவுரையும் தராத சான்று அது.

இதே சக்கரம் பின்னோக்கியும் சுழலும். முதல் சில மாதங்கள் துணைக்கு ஆளில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தால், அந்தப் பழைய 13,000 மணி நேரம் சொன்னதே சரி என்று தோன்றிவிடும்.