கையை விட்டாலும் கேபின் விழாதது ஏன்?

புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் பழைய செவர்லே பிக்கப்பின் கேபினைக் கழற்றுவதை வேடிக்கை பார்த்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “செயின் பிளாக்கை இழுத்துத் தூக்குகிறார்கள். நடுவில் கையை விட்டுவிட்டு வியர்வையைத் துடைக்கிறார்கள். கேபின் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. அதுகூடப் பரவாயில்லை. இறக்கும்போதும் செயினை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கீழே வரத் துடிக்கிற சாமானை ஏன் சார் இழுத்து இறக்க வேண்டும்?”

கடைசிக் கேள்விக்கு ஒரு சபாஷ். பதில் செயின் பிளாக் என்கிற, கையால் செயினை இழுத்துச் சுமை தூக்கும் அந்த இரும்புக் குண்டுக்குள் இருக்கும் சில தட்டுகளில் இருக்கிறது. அதற்கு முன் கேபினைக் கொக்கி வரைக்கும் கொண்டுவந்துவிடுவோம்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் உடலும் சட்டமும் ஒன்றே. 1947 முதல் 1955 வரை அமெரிக்காவில் வந்த செவர்லே 3100 போன்ற பிக்கப்புகள் வேறு ரகம். கீழே சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், அதன்மேல் கேபின் தனி, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி தனி. கேபினைச் சேஸிஸோடு பிடித்திருப்பவை சில போல்ட்டுகளும், நடுவில் ரப்பர் புஷ்களும்தான். ஆனால் போல்ட்டுகளைத் தவிர இன்னும் பலதும் இரண்டையும் இணைக்கின்றன: ஸ்டியரிங் தண்டு, கிளட்ச் பெடல், பிரேக் பெடல், ஆக்சிலரேட்டர் கம்பி, சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் இணைப்பு, ஹேண்ட்பிரேக், வயரிங், எர்த் பட்டை. பேட்டரியை முதலில் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் போட்டோ பிடித்து, சீட்டு கட்டி, விடுவிக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் கேபின் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடம் சட்டென்று விடும்போதுதான் விரல் போகிறது.

இந்த வண்டியில் பெட்ரோல் டாங்க் இருக்கும் இடம் இன்றைய ஆட்களைத் திடுக்கிட வைக்கும். 1949 முதல் அது சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோலை வடித்துவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மை அதற்கு நேர்மாறு. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். மூடிய, நிறைந்த டாங்குக்குள் ஆவியின் அடர்த்தி அதைத் தாண்டிவிடும். வடித்துத் திறந்து வைத்த டாங்கில்தான் கலவை வெடிக்கும் அளவுக்கு வந்து நிற்கும். மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியைத் தரும் திரவம் இது. சென்னையில் அதற்கு மழைக்காலமும் ஒன்றுதான், கத்திரி வெயிலும் ஒன்றுதான். டாங்கை முழுசாகக் கழற்றி வெகுதூரம் கொண்டுபோய் வைத்த பிறகே கிரைண்டரையோ கேஸ் கட்டரையோ கையில் எடுக்கலாம்.

பெரிய வேலை தொடங்குமுன் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து சூடம் ஏற்றுவது நம் பட்டறை வழக்கம். எலுமிச்சம்பழத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் திறந்த டாங்குக்குப் பக்கத்தில் சூடம் ஏற்றுவது சாமியையே சோதிப்பது. தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலேயே காட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது துரு. கடல்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துரு தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைக்கும் என்பதால் நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவிலுள்ள மரையிடுக்கு இறுகிப்போகிறது. நட்டை மட்டும் சூடேற்றினால் அது விரியும். 12 மி.மீ. துளை 300 டிகிரி சூடேறினால் சுமார் 0.04 மி.மீ. அகலும். துருவின் பிடியை உடைக்க அதுவே பல நேரம் போதும். ரப்பர் புஷ் கருகும், எப்படியும் மாற்றப்போவதுதான்.

இனி தூக்குவது. எல்லாம் கழற்றிய கேபின் 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரே கொக்கியிலிருந்து பெல்ட்டின் இரண்டு கால்கள் இறங்குகின்றன. கால்கள் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 100 கிலோ. கிடைமட்டத்தோடு 60 டிகிரி என்றால் 115. 45 டிகிரிக்கு 141. 30 டிகிரிக்குச் சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு காலும் முழு 200 கிலோவையும் தாங்க வேண்டும்! பிளஸ் டூவில் போட்ட அதே விசைக் கணக்கு. அதோடு விட்டதா? அந்த 30 டிகிரியில் ஒவ்வொரு காலும் கேபினை 173 கிலோ விசையோடு உள்பக்கமாக நசுக்குகிறது. கதவு கழற்றிய கேபினின் வாசல் வெறும் ஓட்டை; அடித்தகடும் துருவில் இற்றிருந்தால் தூண்கள் உள்ளே மடங்கிவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் பொருந்தாது. விவரம் தெரிந்த டிங்கர் கழற்றுமுன்பே வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் வைத்து இறுக்கிவிடுவார். மேலே ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து, அதிலிருந்து பெல்ட்டுகளைச் செங்குத்தாக இறக்குவார்.

கேபினின் கனம் அதன் நடுவிலும் இருக்காது. டாஷ்போர்டும் இன்ஜின் பக்கத் தடுப்பும் முன்னால் இருப்பதால் ஈர்ப்பு மையம் முன்னுக்குத் தள்ளியிருக்கும். கொக்கி அதற்கு நேர் மேலே இல்லையென்றால், கடைசிப் பிடி விட்டதும் கேபின் தானாக ஆடிப்போய் அந்த இடத்தைத் தேடிக்கொள்ளும், நடுவில் யார் நின்றாலும் சரி. அதனால்தான் ஓர் அங்குலம் தூக்கி நிறுத்திப் பார்க்கிறார்கள். “மூக்கு தொங்குது, பெல்ட்ட கொஞ்சம் முன்னாடி தள்ளுப்பா” என்று ஒரு குரல் வரும். ஷெட் கூரையின் ஆங்கிள் தகரத்தைத் தாங்கக் கட்டியது. கொக்கி மாட்ட ஐ-பீம் என்கிற கனத்த இரும்பு உத்தரமோ, கேன்ட்ரி என்கிற கால் வைத்த தூக்குச் சட்டமோ வேண்டும்.

செயின் பிளாக்கில் இரண்டு செயின்கள். ஒன்று நாம் இழுப்பது, மற்றது சுமையைத் தாங்குவது. நடுவில் பல்சக்கரங்கள். 1 டன் பிளாக்கில் முழுச் சுமையைத் தூக்கச் சுமார் 30 கிலோ விசையோடு இழுத்தால் போதும். விலையாக, 1 அடி தூக்கக் குறைந்தது 33 அடி செயினை இழுத்தாக வேண்டும். உராய்வுக்குத் தண்டம் கட்டிய பிறகு இன்னும் கூடுதல். இதெல்லாம் தெரிந்த கதை. தெரியாத கதை இதுதான்: இந்தப் பல்சக்கரங்கள் நன்றாக ஓடுபவை, அதனால் பின்னோக்கியும் நன்றாகவே ஓடும். கையை விட்டால் 200 கிலோ கேபின் மொத்தத்தையும் எதிர்ப்பக்கம் சுழற்றிவிட்டுத் தரையில் வந்து விழ வேண்டும். விழவில்லை.

மூடியைக் கழற்றிப் பார்ப்போம். பல்சக்கரங்களை ஓட்டும் அச்சின் வெளிமுனையில் மரை வெட்டியிருக்கிறது. கைச்செயின் சுற்றும் சக்கரம் அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டதல்ல. அந்த மரையில் ஒரு நட்டாகத் திருகியிருக்கிறது. அதற்கு உட்புறம், அச்சோடு சேர்ந்தே சுழலும் ஒரு தட்டு. சக்கரத்துக்கும் தட்டுக்கும் நடுவே மூன்று உருப்படிகள் தளர்வாகச் செருகியிருக்கின்றன: ஓர் உராய்வுத் தட்டு, ஒரு ராட்செட் சக்கரம், இன்னோர் உராய்வுத் தட்டு. ராட்செட்டின் சாய்ந்த பற்கள்மேல் ஒரு சின்ன இரும்பு நாக்கு ஸ்பிரிங்கால் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது. தூக்கும் திசையில் சுழன்றால் நாக்கு பல்லுக்குப் பல் தாவி ‘டிக் டிக்’ என்னும். எதிர்த்திசையில் ஒரு பல்கூட நகர விடாது.

தூக்கும் பக்கச் செயினை இழுத்தால் கைச்சக்கரம் மரையில் உள்ளே ஏறி, மூன்று உருப்படிகளையும் தட்டோடு சேர்த்து நெரிக்கிறது. நெரிந்த பின் எல்லாம் ஒரே துண்டாகச் சுழலும். சுமை ஏறுகிறது, சத்தம் கேட்கிறது.

கையை விடுகிறோம். சுமை அச்சைப் பின்னோக்கிச் சுற்றப் பார்க்கிறது. கைச்சக்கரம் உராய்வுத் தட்டோடு ஒட்டியிருக்கிறது, தட்டு ராட்செட்டோடு, ராட்செட்டை நாக்கு விடவில்லை. ஆக, சக்கரம் நிற்கிறது, அச்சு மட்டும் அதன் மரைக்குள் திரும்ப முயல்கிறது. மூடியைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகினாலும் மூடி இறுகத்தானே செய்யும்? இங்கேயும் அச்சு திரும்பத் திரும்பச் சக்கரம் இன்னும் உள்ளே இழுபடுகிறது, பிடி இன்னும் இறுகுகிறது. விழ முயல்வதே பிரேக்கைப் போடுகிறது. 200 கிலோவுக்கு ஒரு பிடி, 800 கிலோவுக்கு நான்கு மடங்கு பிடி, யாரும் எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. மரையின் சாய்வையும் தட்டின் அளவையும் சரியாகத் தேர்ந்துவிட்டால், உராய்வு எப்போதும் சுமையைவிட ஒரு படி மேலேயே இருக்கும். நான் முதல்முறை இதைப் படம் வரைந்து புரிந்துகொண்ட அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா!

இப்போது வாசகரின் கேள்வி. இறக்கும் பக்கச் செயினை இழுக்கும்போது கைச்சக்கரம் மரையில் மயிரிழை அளவு வெளியே வருகிறது. பிடி தளர்கிறது. ராட்செட் நாக்கில் மாட்டி அசையாமல் நிற்க, அச்சு வழுக்கிச் சுழன்று சுமை கொஞ்சம் இறங்குகிறது. ஆனால் அப்படிச் சுழன்றதாலேயே அச்சு சக்கரத்தைத் திரும்ப உள்ளே இழுத்துவிடுகிறது, பிரேக் விழுந்துவிடுகிறது. இன்னும் இறங்க வேண்டுமானால் இன்னும் தளர்த்த வேண்டும். சக்கரம் தப்பித்து ஓட, அச்சு துரத்திப் பிடிக்க, மறுபடி ஓட, மறுபடி பிடிக்க... இது அவ்வளவு வேகமாக நடப்பதால் சுமை வழுவழுவென்று இறங்குவதாகத் தெரிகிறது. அவர்கள் இழுத்தது கேபினை அல்ல, பிரேக்கைத் தளர்த்துவதற்காகச் செயினை. ராட்செட் சுழலாததால் இறக்கும்போது ‘டிக் டிக்’ சத்தமும் இருக்காது. அடுத்த முறை காதைக் கொடுத்துப் பாருங்கள். 200 கிலோவை ஒன்றரை மீட்டர் இறக்கினால் சுமார் 3 கிலோஜூல் ஆற்றல் அந்தத் தட்டுகளில் சூடாகப் போய்விடும். ஒரு கிலோ இரும்பை 6, 7 டிகிரி சூடாக்கும் அளவு, அவ்வளவுதான்.

இதற்கு வெஸ்டன் பிரேக் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் வெஸ்டன் என்பவர் கண்ட வழி. மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, இன்றுவரை இதைத் தூக்கிச் சாப்பிட ஆள் இல்லை. நம் பொறியியல் கல்லூரிகளில் உராய்வைப் பலகையில் சமன்பாடாகவே நடத்திவிட்டுப் போகிறோம். ஒரு செயின் பிளாக்கை வாங்கிப் பிரித்து ஆய்வக மேசையில் பரப்ப எந்த ஆராய்ச்சி மானியமும் தேவையில்லை. ராக்கெட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, உராய்வு ஆராய்ச்சிக்குக் கேட்டால் மட்டும் “அதில் புதுசா என்ன சார் இருக்கு?” என்று கேட்பவர்களைக் கண்டால்தான் எரிச்சல்.

உராய்வை நம்பி நிற்கும் கருவி என்பதால் அதன் எதிரியும் தெளிவு: எண்ணெய். “டைட்டா இருக்கு” என்று மூடிக்குள் ஆயிலை ஊற்றும் கைகள் ஊரெங்கும் உண்டு. உலர் தட்டு வைத்த பிளாக்கில் அது பிரேக்கைப் பிடுங்கிப் போடுவதற்குச் சமம். எண்ணெய் சுமைச்செயினுக்கு மட்டும். நாக்கின் ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிந்தாலும் ராட்செட்டைப் பிடிக்க ஆள் இருக்காது; தூக்கும்போது ‘டிக் டிக்’ ஒழுங்காக வரவில்லை என்றால் அதுதான் முதல் அறிகுறி. லிங்கி செட்டித் தெருவில் வாங்கினாலும் சரி, பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கினாலும் சரி, டன் அளவு பொறித்திருக்கிறதா, கொக்கியின் வாய் அகன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுமையை அரையடி தூக்கிக் கையை விட்டுப் பாருங்கள். நழுவினால் தட்டை மாற்றாமல் தொட வேண்டாம்.

பிரேக் நன்றாக இருந்தாலும் கேபினுக்கு அடியில் தலை நீட்டக் கூடாது. பெல்ட்டுக்கும் பீமுக்கும் வெஸ்டன் பொறுப்பல்ல. சேஸிஸை இரு முனையிலும் கயிறு கட்டி வெளியே உருட்டிவிட்டு, அந்த இடத்தில் மரக்கட்டைகளை அடுக்கி, கேபினை அப்போதே அதன்மேல் இறக்கிவிட வேண்டும். மத்தியானச் சாப்பாடு அதற்கப்புறம்.