புறநகரில் மனை வாங்கும் முன் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

"சென்னையைச் சுற்றி எந்த ஏரியா சார் நல்லது? தாம்பரம் பக்கமா, மேடவாக்கமா, பூந்தமல்லியா?" கட்டடப் பொறியாளரான என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அண்மையில் வந்த இளம் தம்பதி அதைக்கூடக் கேட்கவில்லை. முன்பணத்தைக் கொடுத்து முடித்து, வீட்டுக்கு வரைபடம் போட வந்திருந்தார்கள். பத்திரம் சரி, பட்டா சரி, மனைப்பிரிவு அங்கீகாரமும் சரி. மனையைப் பார்க்கப் போனேன். தெருமுனையில் ஒரு சிறுபாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் கால்வாய் ஓடுகிறது. அந்தப் பக்கம், கால்வாய் தொடர வேண்டிய இடத்தில், இவர்கள் வாங்கிய மனை இருக்கிறது. பாலத்தை அரசாங்கம் சும்மா கட்டவில்லை என்பதை எடுத்துச் சொல்ல அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். இப்படிச் சொல்ல வேண்டிய நிலை ஒவ்வொரு ஆண்டும் வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. முழுதாக நல்ல புறநகர் என்று எதுவும் கிடையாது. பல்லாவரத்தில் குன்றை ஒட்டிய தெருவில் கடைக்கால் தோண்டினால் சார்னோகைட் பாறை தட்டும். அஸ்திவாரத்துக்கு அதைவிட நல்ல தரை கேட்டாலும் கிடைக்காது. அதே பல்லாவரத்தில் பெரிய ஏரிப் பக்கம் இறங்கினால் மண்ணும் வேறு, மழைக்காலமும் வேறு. ஊர்ப் பெயரை வைத்து விலை பேசுகிறார்கள். ஆனால் தண்ணீர் ஊர்ப் பெயர் பார்த்து வருவதில்லை, தரைமட்டம் பார்த்து வருகிறது.

"2015 வெள்ளத்திலேயே இங்கே தண்ணீர் வரவில்லை" என்பது தரகர்கள் கைவசம் வைத்திருக்கும் சான்றிதழ். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு இன்றும் பலர் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வதே திருநீர்மலை அருகேதான். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நின்றதோ பெய்த மழைநீரேதான். வடிய வழியில்லாமல் நாள்கணக்கில் நின்றது. தென்புறநகரின் ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு என்று வரிசையாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்கின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி, பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு முட்டுக்காடு வழியே கடல். இத்தனை ஏரிகளின் நீரும் மடுவின் அந்த ஒரு குறுகிய வாய்க்குள் நுழைய வேண்டும். கடல் மட்டம் உயர்ந்திருந்தால் அதுவும் வாங்காது. பள்ளிக்கரணை 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கிறது என்றாலும், ஒரு காலத்தில் பரந்து கிடந்த அந்தச் சதுப்பில் இன்று ஒரு பகுதிதான் மிச்சம். எனவே 2015-இல் தப்பிய தெரு 2023-இல் மாட்டியிருக்கலாம். இரண்டிலும் தப்பியிருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

இப்போது என்னை உண்மையாகவே கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "பள்ளமாக இருந்தால் என்ன சார், பேஸ்மட்டத்தை நாலடி உயர்த்திக் கட்டிவிடலாம்." படித்தவர்கள் சொல்கிறார்கள், மேஸ்திரிகள் சொல்கிறார்கள், என் தொழிலில் இருப்பவர்களும் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி. மூன்றடி நிரப்பினாலே 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் மண். நிரப்பிய மண் அமுங்கும். அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடிக்காமல் அவசரமாகத் தரை போட்டால், இரண்டாவது மழைக்காலத்தில் டைல்ஸ் உள்வாங்கிச் சுவரோரம் விரல் நுழையும் இடைவெளி தெரியும். தூண்களின் அடித்தளம் நிரப்பிய மண்ணில் நிற்கக் கூடாது, பழைய தரைக்குக் கீழே இறங்க வேண்டும். அந்தச் செலவை யாரும் முதலில் சொல்வதில்லை. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் நீங்கள் உயர்த்தியது வீட்டை மட்டும்தான். தெரு அங்கேயே இருக்கிறது. செப்டிக் டேங்க் அங்கேயே இருக்கிறது. வெளியே தண்ணீர் நின்றால் கழிவறையில் ஊற்றிய நீர் இறங்காது, மேலே வரும். குடிநீர்ச் சம்ப்பில் சாக்கடை கலக்கும். பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். டயாலிசிஸ் போக வேண்டிய முதியவர் மேட்டு வீட்டில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருப்பார். உயர்த்திக் கட்டியவர்களும் நிம்மதியாக இருப்பதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே சாலை போடும் வழக்கத்தால் தெரு ஏறிக்கொண்டே போகிறது. சென்னையில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் தொழில் இவ்வளவு வளர்ந்திருப்பது எதனால் என்று யோசியுங்கள். இன்னொன்றும் இருக்கிறது: நீங்கள் மேடாக்கிய மனையிலிருந்து விலகும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது. அந்த வீட்டில் இருப்பவர்களும் கடன் வாங்கிக் கட்டியவர்கள்தான்.

ஆகவே தயவுசெய்து, முன்பணத்துக்கு முன் அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் நடங்கள். காரில் போகாதீர்கள், தரகரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மின்மீட்டர் பெட்டிகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். எல்லா வீட்டிலும் தலைக்கு மேலே இருந்தால் காரணம் இருக்கும். சம்ப் மூடியைச் சுற்றி மூன்று வரிசை செங்கல் எழுப்பியிருக்கிறார்களா? மோட்டார் மேடைமேல் ஏறியிருக்கிறதா? மதில் சுவரில் ஒரே மட்டத்தில் நீளமாகப் பழுப்புக் கோடு ஓடுகிறதா? காலி மனையில் சம்பங்கோரை வளர்ந்திருந்தால் ஆண்டில் பாதி நாள் ஈரம் என்று பொருள். தெருவில் பல ஆண்டுகளாக இருக்கும் அம்மாக்களிடம் கேளுங்கள். "தண்ணீர் வருமா?" என்று கேட்டால் "வராது" என்பார்கள், அவர்கள் வீட்டு விலையும் அதில் இருக்கிறது. "வந்தால் எத்தனை நாளில் வடியும்?" என்று கேளுங்கள். "இரண்டு நாள்தான் தம்பி" என்று உண்மை வந்துவிடும்.

ஆவணங்களில் பட்டாவோடு நிறுத்தாதீர்கள். பட்டா யாருடைய நிலம் என்று சொல்லும், தண்ணீர் நிற்குமா என்று சொல்லாது. வங்கி கடன் கொடுத்ததும் அப்படித்தான். வங்கி தன் பணம் திரும்புமா என்று பார்க்கிறது. கிராம நிலங்களின் அரசுப் பதிவேடான அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டையும், நில அளவை காட்டும் புலப்பட வரைபடத்தில் பக்கத்துப் புல எண்கள் என்ன என்பதையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி என்று பக்கத்தில் இருந்தால் நேரில் போய் அது இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கீகாரம் இல்லாமல் பிரித்து விற்று, பிறகு வரன்முறைப்படுத்திய மனை என்றால் 20.10.2016 என்ற கெடு தேதியை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அடுக்குமாடி என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண். இவற்றை வழக்கறிஞரே பார்த்துக்கொள்வார்.

நவம்பரில் பார்த்த இடத்தை மே மாதத்திலும் பாருங்கள். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபோது, பழைய மாமல்லபுரம் சாலையில் வசித்த பலர் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருந்தார்கள். மழைக்கு மூழ்கி, கோடைக்கு லாரி தேடும் தெருக்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே முகவரியில் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள்.

வரப்போகும் ரயிலுக்காகவும் இன்று விலை கொடுக்காதீர்கள். வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு ஐந்து கிலோமீட்டர்தான். 2008-இல் தொடங்கிய வேலை பதினைந்து ஆண்டுகள் கழித்தும் முடிந்திருக்கவில்லை. வேலை நாள் காலையில் அந்த வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பள்ளி, மருத்துவமனை எல்லாம் நீங்களே பார்ப்பீர்கள்.

முடிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்க நினைக்கும் தெருவிலேயே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடகைக்கு இருங்கள். "அதற்குள் விலை ஏறிவிடும்" என்று அவசரப்படுத்துவார்கள். ஏறினால் ஏறட்டும். அந்தத் தம்பதியின் முன்பணம் இன்னும் திரும்பவில்லை. வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள்.