பாஸ் (pause) போட்டால் ஏன் பட்டை விழுந்தது?

எண்பதுகளில் டெக், அதாவது வீடியோ கேசட்டை டி.வி.யில் ஓட்டும் பெட்டி, வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கவுண்டமணி-செந்தில் காமெடி முடிந்ததும் யாராவது "இன்னொரு தடவை போடுப்பா" என்பார்கள். கேசட் பின்னால் ஓடும். சண்டைக் காட்சியில் ஹீரோ அந்தரத்தில் பறக்கும்போது பாஸ் போட்டுப் படத்தை அப்படியே நிறுத்தி, கயிறு தெரிகிறதா என்று தேடுவோம். தெரியாது. சொல்லிவைத்தாற்போல அந்த இடத்தை மறைத்துக்கொண்டு, திரைக்குக் குறுக்கே கரகரவென ஒரு பட்டை நிற்கும். அந்தப் பட்டைக்குக் காரணம் தேடிப் போனால் டெக்கின் மொத்த சூட்சுமமும் பிடிபட்டுவிடும்.

பாட்டுக் கேசட்டில் ஹெட், அதாவது காந்த நாடாவில் எழுதவும் படிக்கவும் செய்யும் முனை, அசையாமல் நிற்கும். நாடா அதைத் தொட்டபடி நொடிக்கு 4.76 செ.மீ. நகரும். ஒலிக்கு அது போதும். படத்துக்கோ நொடிக்குப் பல லட்சம் துடிப்புகளைப் பதிய வேண்டும். மெதுவாகப் போகும் நாடாவில் அத்தனையையும் திணித்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். சரி, நாடாவையே வேகமாக ஓட்டினால்? 1958-ல் பி.பி.சி. 'வேரா' என்ற இயந்திரத்தில் அதைத்தான் செய்தது. நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் ஓடிய அந்த நாடா 15 நிமிடத்துக்கே நான்கரை கிலோமீட்டர் தேவைப்பட்டது. அந்தக் கணக்கில் நம் மூன்று மணி நேரப் படத்துக்குச் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை நாடா வேண்டும்!

அதற்கு முன்பே, 1956-ல், அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் வேறு வழி கண்டுபிடித்திருந்தது: நாடா நிதானமாகப் போகட்டும், ஹெட்டைச் சுழற்றுவோம். ஜப்பானின் ஜே.வி.சி. 1976-ல் கொண்டுவந்த வி.எச்.எஸ். என்ற வீடியோ கேசட் வகையின் டெக்கிலும் இதே யோசனைதான். உள்ளே பளபளவென்று 6.2 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருளை சற்றே சாய்ந்து நிற்கும். அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள். நம் ஊர் டி.வி.யின் பால் (PAL) முறைக்கான டெக்குகளில் உருளை நொடிக்கு 25 சுற்று சுற்றும். நாடா நொடிக்கு இரண்டரை செ.மீ.கூட நகராது. ஆனாலும் ஹெட் நாடாவை உரசும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 4.9 மீட்டர். அதனால்தான் சுமார் 250 மீட்டர் நாடாவில் மூன்று மணி நேரம் அடங்கியது.

உருளை சாய்ந்திருப்பதால் ஹெட் நாடாவின்மேல் சாய்கோடு போட்டுக்கொண்டே போகும். நீளம் 10 செ.மீ.க்குப் பக்கம், அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு கோட்டில் ஒரு ஃபிரேமின், அதாவது திரையில் ஒரு கணம் தெரியும் படத்தின், பாதி. இரண்டு கோடுகள் சேர்ந்தால் ஒரு முழு ஃபிரேம். கோடுகளுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. பக்கத்துக் கோடு கலந்துவிடாதா? இரண்டு ஹெட்டுகளிலும் எழுதிப் படிக்கும் காந்த இடுக்கை ஆளுக்கொரு பக்கம் லேசாகத் திருப்பி வைத்திருப்பார்கள். ஒன்று எழுதியதை மற்றது படிக்க முடியாது.

பாஸ் போட்டதும் நாடா நின்றுவிடும். உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடும் நாடாவில் எழுதிய கோட்டின் சாய்வும், நிற்கும் நாடாவில் ஹெட் போகும் பாதையின் சாய்வும் ஒன்றல்ல. தன் கோட்டில் கிளம்பும் ஹெட் மெல்ல விலகிப் பக்கத்துக் கோட்டுக்குள் போய்விடும். அது படிக்க முடியாத கோடாயிற்றே! அந்த இடம்தான் கரகர பட்டை. படத்தைத் தெரியவிட்டு வேகமாக ஓட்டும்போது ஹெட் பல கோடுகளைத் தாண்டிக் குதிக்கும், பட்டைகளும் பலவாகும். அகலமான ஹெட்டுகளைக் கூடுதலாக வைத்த நான்கு ஹெட் டெக்குகளில் இந்தத் தொல்லை குறைவு. ரொம்ப நேரம் பாஸில் விட்டால் டெக் தானாக நின்றுவிடும்; ஒரே இடத்தை உரசி உரசி நாடா வீணாகாமல் இருக்கத்தான்.

என்னைக் கேட்டால் வி.எச்.எஸ். காமெடிக்கென்றே செய்த சாதனம் என்பேன். சாதாரண டெக்கில் ஒலி, நாடாவின் ஓரத்தில், பாட்டுக் கேசட் போலவே அசையாத ஹெட்டால் பதியப்படும். அதுவும் பாட்டுக் கேசட்டின் பாதி வேகத்தில். குண்டுவெடிப்பு போர்வைக்குள் வெடித்தது போலக் கேட்கும். நிறத்துக்கு ஒதுக்கிய அலைவரிசையும் குறுகல், அதனால் சிவப்புச் சட்டை ஓரத்தில் வழியும். சண்டைப் படத்துக்கு இதெல்லாம் பெரிய நஷ்டம். வசனத்துக்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் பரணில் இன்னும் ஒரு காமெடிக் கேசட் கிடக்கிறது. திரும்பத் திரும்ப ஓட்டிய இடத்தில் மட்டும் காந்தப் பூச்சு உதிர்ந்து, படத்தில் வெள்ளைக் கீற்றுகளாகப் பறக்கின்றன. முகம் சரியாகத் தெரிவதில்லை. ஒலி ஓரத்தில் தனியாக இருப்பதால் வசனம் மட்டும் ஒரு வார்த்தை தப்பாமல் கேட்கிறது.